நெருப்புக் குழலும் குளிர்ந்த இயந்திரமும்

ஃபேரர் பார்க் வட்டாரத்தில் விடியற்காலையில் நடந்து பழகியவர்கள் அந்த ஒலியை நன்கு அறிவர். ஐந்தரை மணியளவில் வாகன நிறுத்தத்தில் முதல் லாரி உறுமத் தொடங்கும். அடுத்துப் பள்ளிப் பேருந்து; பிறகு இன்னொரு லாரி. உறுமிய வண்டி உடனே புறப்படுவதில்லை. பத்து நிமிடம், சில நாள்களில் கால் மணி நேரம், நின்ற இடத்திலேயே புகை கக்கிக்கொண்டு நிற்கும். காரணம் கேட்டால் ஓட்டுநர்கள் சொல்லும் விடை ஒன்றே: "டீச்சர், இது டீசல் வண்டி. சூடு ஏறாம எடுத்தா இஞ்சின் போயிரும்."

பெற்றோர்களே, நம் தீவில் வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதாகப் பதிவு இல்லை. பெரும்பாலான விடியற்காலைகளில் 24, 25 டிகிரி இருக்கும். பனி காணாத ஊருக்குப் பனிநாட்டுப் பழக்கம் எப்படி வந்தது? இக்கேள்வியைப் பின்தொடர்ந்து படிக்கப் புகுந்தேன். படித்தவை என்னை ஜெர்மனி வரை அழைத்துச் சென்று, மீண்டும் மலாயாக் காட்டுக்கே கொண்டுவந்து விட்டன.

முதலில் இயந்திரத்தின் இயல்பைப் பார்ப்போம். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் இயந்திரத்தில் அது இல்லை. உருளைக்குள் அடைபட்ட காற்றைப் பிஸ்டன் பதினைந்தில் ஒரு பங்காக, சில இயந்திரங்களில் இருபதில் ஒரு பங்காக அழுத்துகிறது. திடீரென அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரிக்கும் மேலே கொதிக்கிறது. அந்த நொடியில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. நெருப்பைத் தருவது காற்று. காற்றுக்குச் சூட்டைத் தருவது அழுத்தம். இயந்திரத்தின் பெருமையும் இதுவே, பலவீனமும் இதுவே. வெளிக்காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் அழுத்தத்தின் முடிவில் கிடைக்கும் சூடு இரண்டரை, மூன்று டிகிரி குறைந்துவிடும். குளிர்ந்த இரும்புச் சுவர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் உறிஞ்சும். குளிரில் மசகெண்ணெய் தடித்துப்போகும், மின்கலம் சோர்ந்துபோகும், ஆகவே இயந்திரம் மெல்லச் சுழலும், மெல்லச் சுழன்றால் காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து தப்பிவிடும். இத்தனையும் ஒன்றுகூடும்போது டீசல் பற்றாமல் வெண்புகையாக வெளியேறும். குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்புவதில் உள்ள தொல்லை முழுவதும் இதற்குள் அடங்கும்.

இதே தத்துவத்தில் இயங்கிய கருவி ஒன்று, டீசல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நம்மைச் சுற்றியுள்ள நாடுகளில் வழக்கில் இருந்தது. ஆங்கிலேயர் அதை 'ஃபயர் பிஸ்டன்' என்றனர். நாம் நெருப்புக் குழல் எனலாம். பர்மா, மலாயா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா, பிலிப்பீன்ஸ் ஆகிய இடங்களில் மக்கள் அதைப் பயன்படுத்தினர். ஒருபுறம் மூடிய சிறு குழல். மரத்தாலோ மூங்கிலாலோ எருமைக்கொம்பாலோ செய்தது. அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் முனையில் உள்ள குழியில் பனையினத்து மரத்தின் மட்டையடியில் கிடைக்கும் பஞ்சு போன்ற பொருளைச் சிறிது வைத்து, உள்ளங்கையால் ஓங்கி அடித்து, சட்டென்று வெளியே இழுத்தால் பஞ்சில் கங்கு பற்றியிருக்கும். மலாயாவில் இதற்கு 'கோபெக் அப்பி' என்று பெயர். அப்பி என்றால் நெருப்பு. கோபெக் என்பது என்ன தெரியுமா? பல் போன மூத்தோர் வெற்றிலைபாக்கு இடிக்கும் குழல்! நம் பாட்டிமார்கள் மடியில் வைத்து இடித்த சிறு பாக்குரலின் உறவினர் அது. ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகக் காப்பாளர் ஹென்றி பால்ஃபர் 1907ஆம் ஆண்டிலேயே இக்கருவியைப் பற்றி விரிவான கட்டுரை எழுதியுள்ளார்.

இக்குழலை மெதுவாக அழுத்திப் பாருங்கள், நெருப்பு வராது. தண்டில் சுற்றிய நூல் உலர்ந்து தளர்ந்திருந்தாலும் வராது. வேகமும் வேண்டும், காற்றுப் புகாத இறுக்கமும் வேண்டும். மின்கலம் சோர்ந்த லாரியும் வளையம் தேய்ந்த லாரியும் காலையில் அடம்பிடிப்பதன் காரணத்தை இதைவிட எளிதாக மாணவர்க்கு விளக்க இயலாது. பாடநூலின் நான்கு பக்கம் செய்யாததை இந்த ஒரு சாண் குழல் செய்துவிடும் என்பது என் கருத்து.

இனி ஒரு சர்ச்சைக்கு வருவோம். ருடால்ஃப் டீசல் மியூனிக்கில் கார்ல் வான் லிண்டேயிடம் படித்தவர். அந்த லிண்டே பினாங்குக்குச் சென்றபோது இத்தகைய குழல் ஒன்று அவருக்குப் பரிசாகக் கிடைத்தது என்றும், விரிவுரையின்போது அதைக்கொண்டு அவர் சுருட்டுப் பற்றவைத்துக் காட்டினார் என்றும், அதைப் பார்த்த டீசலின் மனத்தில் இயந்திரம் முளைத்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. கேட்க இனிமையான கதை. "எல்லாம் நம்மிடமிருந்துதான் போனது" என்று தொடங்கும் மின்னஞ்சல்களில் இது அடிக்கடி தலைகாட்டுவதும் உண்டு. ஆனால் இதை அப்படியே வகுப்பில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐரோப்பியர் 1800களின் தொடக்கத்திலேயே காற்றழுத்தத்தால் தீ உண்டாவதைக் கண்டறிந்திருந்தனர். இங்கிலாந்தில் 1807ஆம் ஆண்டிலேயே அத்தகைய குழலுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. டீசலுக்குப் பினாங்கு தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை. மேலும் அவரை உந்தியது, எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை நீராவி இயந்திரம் வீணடிக்கிறதே என்ற கவலையாகும். வகுப்பில் கார்னோவின் வெப்பக் கோட்பாட்டைக் கேட்டது முதல் பல ஆண்டுகள் அதே எண்ணத்தில் உழன்று, 1892ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆக்ஸ்பர்க் ஆலையில் 1893இல் முதல் சோதனை. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் சோதித்தபோது எரிபொருளின் ஆற்றலில் 26.2 விழுக்காட்டை அவ்வியந்திரம் வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி இயந்திரங்களில் பெரும்பாலானவை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. மலாயாக் கைவினைஞரின் அறிவுக்குப் பெருமை சேர்க்க டீசலின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் காணாத ஒருவர் அதே உண்மையைத் தம் உள்ளங்கையால் அறிந்திருந்தார் என்பதே போதுமான வியப்பல்லவா?

1912ஆம் ஆண்டு பிப்ரவரியில் டென்மார்க்கின் செலாண்டியா என்னும் கப்பல் கோப்பன்ஹேகனிலிருந்து பேங்காக் நோக்கிப் புறப்பட்டது. பெருங்கடல் கடந்த டீசல் கப்பல்களின் முன்னோடி அது. புகைபோக்கி இல்லாத கப்பல்! பாய்மரம் போன்ற கம்பத்தின் வழியே புகை வெளியேறியது. பேங்காக் செல்ல நம் நீரிணை வழியாகத்தானே வர வேண்டும்? இவ்வாறு நெருப்புக் குழலின் நாட்டுக்கு அதன் ஐரோப்பிய உறவினர் வந்து சேர்ந்தார். டீசல் அவர்களோ மறு ஆண்டு செப்டம்பரில் கப்பல் பயணத்தின்போது கடலில் மறைந்துபோனார்.

(அக்காலத்தில் ஃபேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதன் மிச்சம். 1911ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் வானூர்தி எழுந்ததும் இத்திடலிலிருந்துதான். 1919 டிசம்பர் 4ஆம் நாள் ராஸ் ஸ்மித்தின் விமானம் இங்கு இறங்கியது. குளிர்மிகு லண்டனை விட்டு நவம்பர் 12இல் கிளம்பியது அது. திடல் சிறியதாகையால், வால் கனத்து விரைவில் நிற்கட்டும் என்று பென்னட் என்னும் பொறியாளர் பறந்துகொண்டிருந்தபோதே விமானத்தின் முதுகில் ஊர்ந்து வால்பக்கம் சென்றாராம்! அவை பெட்ரோல் இயந்திரங்கள். நம் கதைக்கு நேரடித் தொடர்பில்லை. ஆயினும் சொல்லாமல் கடக்க இயலவில்லை.)

குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்ப மனிதர் கண்ட வழிகள் பல. ஆங்கிலேயரான ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் 1890இல் காப்புரிமை பெற்ற எண்ணெய் இயந்திரத்தில் இரும்புக் குமிழ் ஒன்று இருக்கும். ஊதுவிளக்கால் அக்குமிழைப் பல நிமிடங்கள் சுட்டால்தான் இயந்திரம் உயிர்பெறும். தமிழ்நாட்டுக் கிணற்று மேடுகளில் 'ஆயில் இஞ்சின்' என்று நாம் அறிந்தவை இதற்குப் பிந்திய தலைமுறை. இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனம் 1929இல் வெளியிட்ட மெதுவோட்ட இயந்திரத்தின் நகல்கள் குஜராத்தின் ராஜ்கோட்டில் பெருமளவில் செய்யப்பட்டன. புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இஞ்சின்ஸ் 1946இல் தோன்றியது. மின்கலம் இல்லாத அந்த இயந்திரத்தில் வால்வைத் தூக்கிவிடும் சிறு நெம்புகோல் ஒன்று உண்டு. அதைத் தூக்கிவிட்டு, கைப்பிடியால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றி, வேகம் ஏறியதும் நெம்புகோலைத் தட்டிவிட வேண்டும். முதல் 'டுப்' கேட்கும். சரியான நேரத்தில் கைப்பிடியை விடாதவர் மணிக்கட்டை இழந்தார். மூல லிஸ்டரில், கிளப்பும்போது அழுத்தத்தை மிகுக்கவும் ஓடத் தொடங்கியபின் குறைக்கவும் ஒரு திருகுகூட இருந்தது.

சாலை வாகனங்களுக்கு வந்தது ஒளிர்முளை, அதாவது 'குளோ பிளக்'. 1936இல் மெர்சிடிஸ் 260 டி என்னும் டீசல் கார் விற்பனைக்கு வந்து, ஜெர்மனியில் வாடகை வண்டியாகப் பெயர் பெற்றது. அக்காலத்து ஒளிர்முளை சிவக்க ஒரு நிமிடம்வரை ஆகும். அந்தக் காத்திருப்பை ஜெர்மானியர் 'ருடால்ஃப் டீசலுக்கு மௌன அஞ்சலி' என்று கேலி செய்வர். என் சித்தப்பா பல்லாண்டு டீசல் டாக்சி ஓட்டியவர். சாவியைப் பாதி திருப்பி, சுருள்விளக்கு அணையும்வரை ஸ்டியரிங்கில் கைவைத்து அமைதியாக அமர்ந்திருப்பார். சாமி கும்பிடுகிறார் என்று சிறுவயதில் நினைத்திருந்தோம்.

உண்மையான குளிர் வேறு வகை. 1941ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் மாஸ்கோவுக்கு வெளியே ஜெர்மன் படையினர் வண்டிகளைக் கிளப்ப அவற்றின் அடியில் தீ மூட்ட நேர்ந்தது. சோவியத்தின் டி-34 டாங்கியிலோ டீசல் இயந்திரத்தைச் சுழற்ற அழுத்தக் காற்றுக் குப்பிகள் இருந்தன. இந்தியாவின் லடாக்கில், சாதாரண டீசலில் உள்ள மெழுகு உறைந்து குழாயை அடைத்துவிடும். 2019 நவம்பரில்தான் மைனஸ் 33 டிகிரிவரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் அங்கு அறிமுகப்படுத்தியது. எண்ணூரில் வேர்விட்ட அசோக் லேலண்டின் ஸ்டாலியன் லாரிகள் ராணுவத்துக்காக அந்த உயரங்களில் ஓடுகின்றன. அங்கே ஓட்டுநர் இயந்திரத்தைச் சூடேற்றிக் காத்திருப்பது அறிவுடைமை.

இப்போது பள்ளி வாசலுக்குத் திரும்புவோம். குளிர்நாட்டில், தடித்த எண்ணெயும் பழைய உலோகமும் இருந்த காலத்தில் எழுந்த விதி, வண்டியோடும் கையேட்டோடும் இங்கே இறங்கி, மூத்த ஓட்டுநரிடமிருந்து இளையவருக்கு வாய்வழியாகச் சென்றது. 25 டிகிரியில் நிற்கும் நல்ல இயந்திரத்துக்கு அது பொருந்தாது. சுமையின்றி நின்ற இடத்தில் ஓடும் டீசல் இயந்திரம் மிக மெதுவாகவே சூடேறும். அரைகுறையாக எரிந்த எரிபொருள் உருளைச் சுவரின் எண்ணெயைக் கழுவி, கீழுள்ள எண்ணெயிலும் கலக்கும். எண்ணெய் அழுத்தம் வரச் சில நொடிகள் பொறுத்து, முதல் சில நிமிடம் மிதமாக ஓட்டிச் செல்வதே இயந்திரத்துக்கு நல்லது. காப்பாற்றுவதாக நினைத்துச் செய்வது தேய்மானத்தைக் கூட்டுகிறது என்பதே இதிலுள்ள வேடிக்கை.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய பேருந்துக்கும் லாரிக்கும் காற்றழுத்த பிரேக் உண்டு. இரவில் கசிந்த காற்று மீண்டும் நிரம்பாமல் அவற்றை எடுத்தால் ஆபத்து. முள் மேலேறச் சில நிமிடம் ஆகலாம். ஆகவே உறுமி நிற்கும் ஒவ்வோர் ஓட்டுநரையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். முள் ஏறிய பிறகும் கால் மணி நேரம் நிற்பவரிடம்தான் பேச வேண்டும். நிற்கும் வண்டியின் இயந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. குழாய்முனையின் உயரத்தில் நிற்பவை நம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முகங்கள். லாரியின் பின்தட்டில் அமர்ந்து வேலைக்குக் காத்திருக்கும் தொழிலாளர் மூச்சும் அதே காற்றில்தான்.

2025 ஜனவரி முதல் சிங்கப்பூரில் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவுசெய்ய இயலாது. சுருள்விளக்கு அணையக் காத்திருந்த கைகளின் தலைமுறை விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. சென்ற பருவத்தில் நான்காம் வகுப்பு மாணவரிடம், வீட்டுப் பெரியவர்களிடம் வண்டியைப் பற்றிக் கேட்டுச் சொற்கள் சேகரித்து வரச் சொன்னேன். "செல்ஃப் எடுக்கவில்லை", "ஹேண்டில் போடு", "டீசலில் காத்து பிடிச்சிருச்சு" என்று எழுதி வந்தனர். ஒரு சிறுமி மட்டும் தாத்தா சொன்னதாக, குளிர்ந்த இயந்திரம் முதலில் விடும் வெண்புகைக்குக் "கொட்டாவி" என்று எழுதியிருந்தாள். அது அவர் ஊர் வழக்கா, அவரே இட்ட பெயரா என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.