கழகமும் தவறணையும்: மலையகத்தில் விருந்தோம்பலின் வரலாறு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் குடிப்பழக்கம் பற்றி எழுதப்பட்டவை பல. அவற்றுட் பெரும்பாலானவை அப்பழக்கத்தை ஓர் ஒழுக்கக்கேடாகக் கண்டு, தொழிலாளிக்கு அறிவுரை பகர்ந்து முடிவனவாகும். அறிவுரை வேண்டாததன்று. ஆயினும் மது அருந்தப்படும் இடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. மனிதர் எங்குக் கூடினர், யாரைச் சந்தித்தனர், வெளியூரார் வந்தபோது அவரை எங்கு அமர்த்தி உபசரித்தனர் என்னும் வினாக்களை எழுப்பின், மலையகத்தின் மதுச்சாலை வரலாறு அதன் சமூக வரலாற்றின் ஒரு முக்கிய அத்தியாயமாகவே விரியக் காணலாம். நுவரெலியா, அட்டன் பகுதிகளை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புநோக்கிற்காக இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். கம்பளி ஆலைகள் நிறைந்த அந்நாட்டு நகரங்களில் 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்களும் இளையோரும் சனிக்கிழமைகளிற் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை செய்வதைத் தடை செய்தது. காலப்போக்கில் அந்த அரைநாள் ஓய்வு ஆண் தொழிலாளர்க்கும் கிட்டிற்று. சனிக்கிழமைப் பிற்பகலிற் காற்பந்தாட்டம் நிகழும் வழக்கம் அவ்வோய்வின் விளைவே. 1888இல் காற்பந்தாட்டச் சங்கங்களின் தொடர்போட்டி தொடங்கியபின், ஓர் ஊர்த் தொழிலாளர் தம் அணியைத் தொடர்ந்து மற்றோர் ஊருக்கு ரயிலேறிச் செல்வது படிப்படியாகப் பெருவழக்காயிற்று. சென்ற ஊரில் அவர்கள் முதலிற் புகுந்த இடம் மதுச்சாலை. ஹடர்ஸ்பீல்ட் நகரில் ரயில் நிலையக் கட்டடத்தின் இரு சிறகுகளிலுமே மதுச்சாலைகள் அமைந்தன. பீப்பாவினுள் மதுவம் உயிருடன் இருக்க, மெல்ல முதிர்ந்து, கைப்பம்பினால் இறைத்து வழங்கப்படும் மரபுவழிப் பியரே அங்கு சிறப்பாகப் போற்றப்பட்டது. பெருநிறுவனங்களின் கைப்பட்டு அம்மரபு அருகியபோது, அதைக் காத்தற்கென 1971இல் ஓர் இயக்கமே தோன்றியது. ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், அம்மதுச்சாலையில் விருந்தினனும் தொழிலாளி, விருந்தேற்பவனும் தொழிலாளி என்பதே. எதிரணியின் ஆதரவாளனாயினும் அவன் கதவைத் திறந்து உள்ளே வரலாம். எவரிடத்தும் அனுமதி பெறவேண்டியதில்லை.

அதே பியர் நம் மலைநாட்டிற்கும் வந்தது. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848இல் குடியேற்றவாசிகள் சிலரையும் கால்நடைகளையும் கொணர்ந்து நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்க முனைந்தார். பிற்காலத்தில் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர் இவரே. 1849இல் அவர் அங்கு ஒரு பியர் வடிசாலையை நிறுவினார் என்பது மரபுவழிச் செய்தி. 1881இல் அத்தொழில் வணிக முயற்சியாக வளர்ந்தது. 1911இல் இலங்கை வடிசாலை வரையறுக்கப்பட்ட கம்பெனியாக உருப்பெற்றது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரமும், குளிர்ந்த காற்றும், அருவி நீரும் அத்தொழிலுக்கு வாய்ப்பாயின. வாற்கோதுமை கடல் கடந்து வந்தது. மலைக்குரியதாய் இருந்தது நீர் ஒன்றே. அங்கு வடிக்கப்பட்ட 'லயன்' கரும்பியர் கண்டியிலும் நுவரெலியாவிலும் இருந்த பியர்க்கடைகளில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், மரப்பீப்பாவினின்று கைப்பம்பினால் இறைத்து வழங்கப்பட்டது. பியர் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர் இதனைக் கண்டு வியந்து எழுதினார். இங்கிலாந்திலேயே அருகிவந்த ஒரு மரபு இலங்கை மலைகளில் நிலைத்திருந்தமை அவரது வியப்புக்குக் காரணமாயிற்று.

ஆனால் பானம் வந்தவாறு அதனைச் சூழ்ந்த பழக்கம் வந்ததா? வந்தது, துரைமாருக்கு மட்டும் வந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலந்தொட்டே துரைமார் தனித்தனி மலைகளிற் சிதறி வாழ்ந்தனர். அவர்தம் தனிமையைப் போக்கியவை கழகங்கள். நுவரெலியாவிற் குதிரைப் பந்தயத் திடல் 1875இலும், 'ஹில் கிளப்' 1876இலும், கொல்ப் கழகம் 1889இலும் தோன்றின. திக்கோயாப் பகுதித் துரைமாருக்குத் தரவளையிலும், திம்புள்ளைப் பகுதியினர்க்கு ரதல்லையிலும் கழகங்கள் அமைந்தன. ரயில்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபின் போக்குவரத்து எளிதாயிற்று. திம்புள்ளை, திக்கோயா, ஊவா எனப் பிரதேசம்தோறும் றக்பி அணிகள் எழுந்தன. ஓரணி மற்றதன் மைதானத்திற்குச் சென்று ஆடுவதும், ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே அமர்ந்து குடிப்பதும் அவர்தம் வாழ்க்கையின் பெருவிழாக்களாயின. சித்திரைப் பருவத்திலோ கொழும்பிலிருந்தும் விருந்தினர் நுவரெலியாவிற்குத் திரண்டனர். யோக்சயர்த் தொழிலாளி தன் ஊர் மதுச்சாலையிற் கண்ட விருந்தோம்பலைத் துரைமார் தம் கழகத்திற் கண்டனர் எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அக்கழகங்களின் வாயில் நெடுங்காலம் வெள்ளையர்க்கே திறந்திருந்தது. அவர்களது செல்வத்தை ஈட்டித்தந்த தொழிலாளியின் மக்கள் பரிசாரகராகவும் தோட்டக்காரராகவும் மாத்திரமே அதனுட் புகுந்தனர்.

இனி மலைச்சரிவின் மறுபக்கத்தை நோக்குவோம். தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களினின்று வந்த மக்கள் லயங்களிற் குடியமர்த்தப்பட்டனர். லயம் தொழிலாளியின் வீடன்று, தோட்டத்தின் உடைமை. ஆதலின் அங்கு யார் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரமும் தொழிலாளிக்கு இருந்ததில்லை. அயலான் ஒருவன் துரையின் அனுமதியின்றித் தோட்டத்திற் கால்வைத்தால், அத்துமீறிப் புகுந்தான் என அவனை வெளியேற்றலாம், நீதிமன்றத்திற்கும் இழுக்கலாம். 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். வந்த புதியவரை வரவேற்பதைத் தலையாய அறமாகப் போற்றிய ஒரு மொழியினர், புதியவர் எவரும் தம் வாயிலை அண்ட முடியாத ஓர் அமைப்பினுள் தலைமுறை தலைமுறையாக வாழ நேர்ந்தது. மலையக வரலாற்றின் ஆழ்ந்த அவலங்களுள் இதுவும் ஒன்று. கூலிக்கணக்கில் இடம்பெறாத அவலம்.

இத்தகைய சூழலில், தோட்ட எல்லைக்கு வெளியே, கடைவீதியில் அமைந்திருந்த கள்ளுத் தவறணையும் சாராயத் தவறணையும் பெற்ற இடத்தை நாம் விளங்கிக்கொள்ளலாம். சம்பள நாளையடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி முதலிய நகரங்களுக்கு இறங்கிவரும் தொழிலாளி, மறுதோட்டத்தில் வாழும் உறவினனையோ ஊரவனையோ துரையின் பார்வைக்கு அப்பால் சந்திக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. கோவிற்றிருவிழா ஆண்டுக்கொருமுறை, தவறணையோ எந்நாளும் திறந்திருந்தது. அங்குச் செய்திகள் கைமாறின. எத்தோட்டத்திற் கங்காணி கொடியவன், எங்குக் கூலி சற்று மேல் என்பன பேசப்பட்டன. இவ்வகையில் தவறணை தொழிலாளியின் கழகமாயிற்று.

ஆனால் அது அவனால் அமைக்கப்பட்ட கழகமன்று; அவன் நன்மைக்காக அமைக்கப்பட்டதுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாராய விற்பனை உரிமை பிரதேசவாரியாக ஏலத்தில் விடப்பட்டது. அக்குத்தகை முறை அரசிறைக்குப் பெருவருவாயையும், குத்தகைக்காரர்க்குப் பெருஞ்செல்வத்தையும் ஈட்டித்தந்தது. அங்ஙனம் திரண்ட செல்வத்தின் ஒரு பகுதி மலைநாட்டுத் தோட்டங்களிலேயே முதலிடப்பட்டது. சாராயக் குத்தகையாற் செல்வரான ஜெரோனிஸ் டி சொய்சா 1837இல் அங்குராங்கெத்தையில் அரசரின் பழைய தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டமை இதற்குச் சிறந்த சான்றாகும். 1912இன் மதுவரிச் சட்டம் குத்தகை முறையை மாற்றியமைத்த போதிலும், தவறணைகள் மறைந்தில. கள்ளுக்கெனத் தனித் தவறணைகள் புதிதாகத் திறக்கப்பட்டன. தொழிலாளியின் கூலி மாலையில் தவறணைக்குச் சென்று, மறுவழியாக அரசிறையையும் முதலாளியையும் அடைந்தது. இச்சுழற்சியிற் பெரிதும் நைந்தவள் பெண். நாள் முழுதும் கொழுந்து பறித்தவள் அவள். அவளது கூலியைக் கணவனோ தந்தையோ சென்று வாங்கிவரும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. தவறணையிற் செலவானது பல வேளைகளில் அவளது கூலியுமாகும். தவறணையில் அவளுக்கு இடமில்லை; அதன் விளைவுகளில் மட்டும் பங்குண்டு.

இக்கேட்டிற்கு எதிராக எழுந்த குரல்கள் சில இருந்தன. தென்னிலங்கையில் 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் பேரெழுச்சி கொண்டது. நாட்டின் தேசிய உணர்ச்சிக்கே அது ஒரு நாற்றங்காலாயிற்று. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் மலைநாட்டிற்கும் சென்று, மதுவை விட்டொழிக்குமாறு தோட்டத் தொழிலாளரை வேண்டினார். இம்முயற்சிகளின் தூய்மையை எவரும் ஐயுற இயலாது. எனினும் அவை தவறணையை மூடுமாறு கூறினவேயன்றி, அதனிடத்தில் எதைத் திறப்பது என்னும் வினாவுக்கு மலையகத்தில் விடை தரவில்லை. கூடும் இடமின்றி மனிதன் வாழ்வதெங்ஙனம்?

அவ்விடையைத் தந்தது தொழிற்சங்கம். தஞ்சையினின்று வந்த கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் அயலார் புகமுடியாத அக்காலத்திற் புடைவை வியாபாரியாக வேடம்பூண்டு லயங்களுக்குச் சென்று தொழிலாளர் நிலையை நேரிற் கண்டறிந்தார். ஒரு மனிதர் தம் மக்களைச் சந்திக்க மாறுவேடம் பூணவேண்டியிருந்தது என்பதொன்றே அவ்வமைப்பின் இயல்பை உணர்த்தப் போதுமானது. 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டனை அதன் தலைமையிடமாகக் கொண்டார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை பாடல்களை அச்சிட்டு, கூட்டங்களிற் பாடித் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். தவறணையிருந்த அதே கடைவீதியிற் சங்கப் பணிமனையும் எழுந்தது. மறுதோட்டத்தானைச் சந்திக்கத் தொழிலாளிக்கு வேறோர் இடம் கிடைத்தது. தவறணையிற் கால்பதிக்க முடியாத பெண்ணும் அங்கு வரலாயிற்று.

இதற்கு மறுதலையாக, கழகத்தினின்று லயத்தை நோக்கி நடந்த ஒருவரும் உண்டு. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் 1936இல் மடுல்கெலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்திற் பயிற்சித் துரையாகச் சேர்ந்தார். தொழிலாளருடன் நெருங்கிப் பழகியமையால் வேலையை இழந்தார். 1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடந்த சமசமாஜக் கட்சிக் கூட்டத்தில் துரைமாரின் கொடுமைகளை எடுத்துரைத்தார். அம்மாதமே அவரை நாடுகடத்தத் தேசாதிபதி ஆணையிட்டார். உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்ப்பளித்தமை இலங்கை அரசியல் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். கழகத்து நாற்காலியை விட்டு லயத்துத் திண்ணையில் அமர்ந்த வெள்ளையரை அவ்வமைப்பு மன்னிக்கவில்லை. இதனினும் பெரிய விலையைத் தொழிலாளர் கொடுத்தனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அவ்வாண்டே தோட்ட உரிமையாளருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையில் ஏழு அம்ச உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சங்கம் வைக்கும் உரிமை, கூலிக்கான உரிமை மட்டுமன்று, கூடியிருக்கும் உரிமையுமாம்.

அதன்பின் மலையகம் பல மாற்றங்களைக் கண்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளைத்துரைமார் சென்றனர், அவர்தம் கழகங்கள் இலங்கையர் கைக்கு வந்தன. நுவரெலியா வடிசாலையின் பணியும் 1990களின் பிற்பகுதியிற் கொழும்பை அடுத்த பியகமைக்குப் பெயர்ந்தது. லயங்களோ இன்னும் பல தோட்டங்களில் நின்று நிலவுகின்றன. மதுவின் கொடுமையும் நீங்கியபாடில்லை.

எனவே மலையகத்தின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பேசுவோர் இவ்வரலாற்றையும் உடன் கருதுதல் வேண்டும். ஒரே மலையில் இரு மதுச்சாலைகள் இருந்தன. ஒன்று விருந்தினரை வரவேற்று உறவை வளர்த்தது. அதிற் குடித்தவரைப் பண்பாளர் என வரலாறு எழுதியது. மற்றது வேறு போக்கிடம் அற்றவரை ஈர்த்து அவர்தம் கூலியை உறிஞ்சியது. அதிற் குடித்தவரைக் குடிகாரர் என அதே வரலாறு எழுதியது. தவறணையை மூடுதல் நன்றே. ஆயின் அதற்கு முன்னரோ, அதனுடன் கூடவோ, தோட்டந்தோறும் வாசிகசாலையும், மன்றமும், விளையாட்டுத் திடலும், அனைத்திற்கும் மேலாக விருந்தினரை அழைத்து அமர்த்தத் தனக்கே உரிய ஒரு வீடும் தொழிலாளிக்குக் கிடைத்தல் வேண்டும். தன் வாயிலைத் தானே திறக்கும் உரிமை பெற்றவனே, எந்த வாயிலுக்குட் புகுவது என்பதையும் தானே தெரிந்துகொள்வான்.