பிடிக்க மறந்த ஃப்ரீவீல் – ஒரு மிதிவண்டி உறுப்பின் வரலாறு



பள்ளி விடுமுறையின்போது என் முன்னாள் மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். இப்பொழுது படிவம் நான்கில் பயில்கிறான். மோவாயில் மூன்று தையல், வலது முழங்காலில் வீக்கம். அவனிடம் பழைய ‘டிரயல்ஸ்’ மிதிவண்டி ஒன்று உள்ளது. அமர்வதற்கு இருக்கை இல்லாத வண்டி அது. பாறை, மரக்கட்டை, மதில் ஆகியவற்றின் மேல் கால் தரையில் படாமல் ஏறி இறங்குவதே டிரயல்ஸ் விளையாட்டு. ஒரு சிமெண்டுத் திட்டின் மேல் தாவுவதற்காக ஓங்கி மிதித்திருக்கிறான். மிதிக்கட்டை வெறுமனே கீழே இறங்கிவிட்டது. முழங்கால் கைப்பிடித் தண்டிலும் மோவாய் திட்டின் விளிம்பிலும் மோதின.

“மிதித்தேன் ஐயா, பிடிக்கவில்லை,” என்றான்.

எனக்கு உள்ளூர உறுத்தியது. ஒரு மாதத்திற்கு முன் அந்த ஃப்ரீவீல் ‘கடகட’வென ஓசை எழுப்புகிறது என்று அவன் கொண்டுவந்தபோது, கெட்டியான கிரீஸை அதனுள் அழுத்தி நிரப்பி, ஓசையை அடக்கிக் கொடுத்தவன் நான்தான். அவனுடைய அம்மா வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். அவனோ எந்த ஃப்ரீவீலை வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறான். பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்ற ஐயத்தில் படிக்கத் தொடங்கினேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஃப்ரீவீல் என்பது ஒரு வழிப் பூட்டு. முன்னோக்கி மிதித்தால் சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரத்தைத் தன்போக்கில் உருள விடும். உள்ளே ஒரு பல்வளையமும், வில்லால் தூக்கி நிறுத்தப்பட்ட சிறு எஃகுத் துண்டுகளும் இருக்கின்றன. அத்துண்டுகளை இனி ‘நாக்கு’ என்றே குறிப்பிடுகிறேன். மிதிக்கும்போது நாக்கு பல்லில் முட்டி நிற்கும். மிதிக்காதபோது பற்களின் மேல் வழுக்கிச் செல்லும். நாம் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி அந்த வழுக்கலின் ஒலியே. தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் பால்மரக் காட்டிலிருந்து அப்பா திரும்புவதை அந்த ஒலியைக் கொண்டுதான் அறிந்துகொள்வோம்.

மிதிவண்டி தோன்றிய காலத்தில் இந்த உறுப்பு இல்லை. 1860களில் பாரிஸ் நகரில் பியேர் மிசோவின் பட்டறையிலிருந்து வெளிவந்த வண்டிகளில் மிதிக்கட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. சக்கரம் சுழலும் வரை காலும் சுழன்றாக வேண்டும். இறக்கத்தில் கால்களை முன்னே தூக்கி வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு மாற்றாக, 1869ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் போகிப்சி ஊரைச் சேர்ந்த வில்லியம் வான் ஆண்டன், முன்சக்கரக் குடத்தினுள் பல்லும் நாக்கும் கொண்ட ஓர் அமைப்பை வைத்துக் காப்புரிமை பெற்றார். முதல் ஃப்ரீவீல் அதுவே எனலாம். அது மிதிக்கட்டை இருந்த இடத்திலேயே அமைந்திருந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்றைய ஓட்டுநர்கள் அதை வரவேற்கவில்லை. இயந்திரத்தைச் சிக்கலாக்குகிறது என்பது ஒரு குறை. அதைவிட வலுவான காரணம் ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. நல்ல பிரேக் இல்லாத அக்காலத்தில், சுழலும் மிதிக்கட்டையைக் காலால் எதிர்த்து அழுத்துவதுதான் வண்டியை நிறுத்தும் முதன்மை வழி. சக்கரத்தைக் காலிலிருந்து விடுவித்துவிட்டால் நிறுத்துவது எப்படி?

1870களில் ஜேம்ஸ் ஸ்டார்லி போன்றோர் புகழ்பெறச் செய்த உயர்சக்கர வண்டிகளிலும் இதே நிலைதான். அவருடைய சகோதரரின் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் கோவென்ட்ரியில் ‘ரோவர்’ வண்டியைக் கொண்டுவந்தார். சங்கிலியால் பின்சக்கரத்தை இயக்கும் இன்றைய வடிவம் அதிலிருந்தே நிலைபெற்றது. அதிலும் கால் ஓயவில்லை. 1894இல் லின்லி அண்டு பிக்ஸ் நிறுவனம் தன் ‘விப்பெட்’ வண்டியில் ஃப்ரீவீலைப் பொருத்தியது. 1890களின் இறுதியில் பிரேக் அமைப்புகள் மேம்பட்ட பிறகே ஃப்ரீவீல் பரவலாயிற்று. பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பிரேக்கையும் ஃப்ரீவீலையும் ஒரே குடத்தில் அடக்கி, ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் எர்னஸ்ட் சாக்ஸ் 1903இல் வெளியிட்ட ‘டார்பிடோ’ உலகெங்கும் விற்பனையானது.

அடுத்த கட்டம் ஜப்பானில் நிகழ்ந்தது. ஒசாகாவை அடுத்த சகாய் நகரம் கத்திகளுக்கும் பழங்காலத் துப்பாக்கிகளுக்கும் பெயர்பெற்றது. இரும்பைப் பதப்படுத்தும் கைத்திறன் அங்குப் பரம்பரையாக இருந்தது. மிதிவண்டி வந்தபோது அத்திறன் அதன் உறுப்புகளின் பக்கம் திரும்பியது. ஷோஸாபுரோ ஷிமானோ 1921ஆம் ஆண்டில் அங்கு ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அவரிடம் இருந்தது கடனாகப் பெற்ற ஒரே ஒரு கடைசல் இயந்திரம். அவர் செய்யத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் ஃப்ரீவீல். கடினமான எஃகு, நுண்ணிய பல், தேயாத நாக்கு ஆகிய மூன்றும் ஒருசேரக் கைவந்தால்தான் அது உருவாகும். இதே நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1973இல் சிங்கப்பூரில் தொடங்கியது என்பது நம் வட்டார வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

இதுவரை ‘விடுவது’ பற்றியே வரலாறு கவலைப்பட்டது. ‘பிடிப்பது’ எவ்வளவு விரைவாக, எவ்வளவு உறுதியாக நிகழ வேண்டும் என்பதைச் சாலையில் ஓட்டுபவர் பெரிதாக எண்ணுவதில்லை. அக்கேள்வியை முன்னிறுத்தியது டிரயல்ஸ்.

டிரயல்ஸ் முதலில் மோட்டார் சைக்கிள் விளையாட்டு. ஸ்பெயினின் கட்டலோனியாவில் மொன்டெசா மோட்டார் சைக்கிள் நிறுவனத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஓட்ட வீரர் பெரே பி. அவர் தம் மகன் ஓட் பியைப் பயிற்றுவிக்க, மோட்டார் இல்லாமல் மிதிவண்டியிலேயே இவ்விளையாட்டை வளர்த்தெடுத்தார். இதற்கென ‘மொன்டெசிட்டா’ என்னும் சிறு மிதிவண்டிகள் வந்தன. பின்னர் ‘மொன்டி’ என்ற பெயர் நிலைத்தது. ஓட் பி பலமுறை உலக வாகையர் ஆனார். பிற்காலத்தில், 2009 ஏப்ரலில், ஸ்காட்லாந்தின் டேனி மெக்காஸ்கில் எடின்பரோ வீதிகளில் செய்த சாகசங்களின் காணொளி இணையத்தில் பரவியபோது இவ்விளையாட்டை அறியாதவர்களும் அறிந்தனர். என் மாணவனும் அதைப் பார்த்து மயங்கியவர்களுள் ஒருவன்தான்.

இங்கேதான் ஃப்ரீவீல் தான் பிறந்த இடத்திற்கே திரும்புகிறது. மரக்கட்டையின் மேல் ஏறும்போது முன் பற்சக்கரம் அதில் இடிக்கக் கூடாது. 44 பல் கொண்ட சாதாரண முன் பற்சக்கரத்தின் குறுக்களவு ஏறக்குறைய 18 செ.மீ.; டிரயல்ஸ் வண்டியில் அதை 18 பல்லாக, அதாவது ஏறக்குறைய 7 செ.மீ. அளவுக்குக் குறைத்தார்கள். முன்னது சிறுத்தால் பின்னதும் சிறுக்க வேண்டும். 20 அங்குல வண்டியில் பின்னே 12 பல் போதும். ஆனால் 12 பல்லின் அடிப்பகுதி விட்டம் சுமார் 41 மி.மீ.; ஃப்ரீவீல் திருகப்படும் வழக்கமான மரையின் விட்டமோ சுமார் 35 மி.மீ. மீதமுள்ள 3 மி.மீ. சுவருக்குள் குண்டுமணிகளையும் நாக்குகளையும் எங்கே வைப்பது? 18 பல்லில் ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ. இடம் கிடைக்கிறது. ஆகவே ஃப்ரீவீலைக் கழற்றிக் கிராங்கில் மாட்டினார்கள். பின்னே அசையாத பற்சக்கரம் ஒன்றை வைத்தார்கள். உட்புறமிருந்து திருப்பி மாட்டுவதால் அதே ஃப்ரீவீல் அங்கும் சரியான திசையில் பிடிக்கிறது. மிதிக்க மிதிக்க மரையும் இறுகுகிறது.

ஷிமானோ 1970களில் வேறொரு நோக்கத்திற்காக இதையே செய்து பார்த்தது. மிதிக்காமல் உருளும்போதும் சங்கிலி ஓடிக்கொண்டிருந்தால் கியர் மாற்றலாம் என்பது அவர்கள் எண்ணம். பொதுமக்களிடையே அது நிலைக்கவில்லை.

இனி மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஓர் ஆசிரியனுக்குக் கணக்கைத் தவிர வேறு துணை ஏது? 16 இடங்களில் பிடிக்கும் ஃப்ரீவீலில் இரு பிடிப்புகளுக்கு இடையே 22.5 பாகை. அதாவது, ஓங்கி மிதிக்கும் கால் அந்த அளவு வரை வெறுமையில் இறங்கக்கூடும். ஒரே இடத்தில் சமநிலையில் நின்று, கால் சுற்று மிதியில் தாவ வேண்டியவனுக்கு அது மிக அதிகம். 72 இடங்களில் பிடித்தால் 5 பாகை. 108 ஆனால் 3.3 பாகை. அப்படியானால் எண்ணிக்கை கூடக் கூட நல்லதுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

மற்றொரு கணக்கையும் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவன் 175 மி.மீ. கிராங்கின் மேல் வெறுமனே நின்றாலே போதும். பல்வளையம் மையத்திலிருந்து 20 மி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொண்டால், நெம்புகோல் விதிப்படி அங்கே விழும் சுமை ஏறக்குறைய 610 கிலோ. நாக்குகள் மூன்றானால் ஒவ்வொன்றுக்கும் 200 கிலோவுக்கு மேல். துள்ளி மிதித்தால் அது இன்னும் பெருகும். இவ்வளவையும் தாங்குவது நகக்கண் அளவு எஃகு. பற்களை நுணுக்கமாக்கினால் நாக்கு பற்றும் ஆழம் குறைகிறது. நுனி மட்டும் பட்டால் முனை மழுங்கி வழுக்கும். இதற்குச் சில தயாரிப்பாளர்கள் கண்ட வழி அழகானது: 36 பல் கொண்ட வளையத்தில் நாக்குகளை இரு அணிகளாகப் பிரித்து, ஓரணி பிடிக்கும்போது மற்றது அரைப் பல் தள்ளி நிற்குமாறு அமைத்தால் 72 பிடிப்புகள் கிடைத்துவிடும்; பல்லும் பெரிதாகவே இருக்கும். ஆனால் சுமை ஒரு நேரத்தில் பாதி நாக்குகளின் மேல்தான் விழும். கிறிஸ் கிங் நிறுவனத்தார் தம் பின்சக்கரக் குடத்தில் நாக்கையே விட்டுவிட்டு, 72 பல் கொண்ட இரு வளையங்களை எதிரெதிராக வைத்து அனைத்துப் பற்களும் ஒருங்கே பற்றும்படி செய்தனர். விலைதான் மாணவர்களுக்கு எட்டாது.

ஆகவே அவனுக்கு நான் சொன்னது: “தம்பி, 108ஐத் தேடி ஓடாதே. 60க்கும் 72க்கும் இடையில், பெயரறிந்த தயாரிப்பாக, பிரித்துக் கழுவக்கூடியதாகப் பார்த்து வாங்கு.” கழற்றும் கருவி பற்றுவதற்கான வெட்டுகள் ஆழமாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொன்னேன். மிதித்து மிதித்து இறுகிய மரையைக் கழற்றும்போது ஆழமற்ற வெட்டுகள் உடைந்துவிடும். மாட்டுவதற்கு முன் மரையில் கிரீஸ் தடவ வேண்டும். மரையில்தான், உள்ளே அன்று!

பிறகு இருவரும் அந்தப் பழைய ஃப்ரீவீலைப் பிரித்தோம். மூடியில் இரு துளைகள் இருக்கும். அதன் மரை இடப்புறமானது. கடிகார முள் செல்லும் திசையில் தட்டினால்தான் கழலும். இதை அறியாமல் எதிர்த்திசையில் பத்து நிமிடம் தட்டினேன். திறந்ததும் குண்டுமணிகள் தரையெங்கும் சிதறின. கீழே துணி விரித்திருக்க வேண்டும். உள்ளே நான் திணித்த கிரீஸ் பாலைவனப் புழுதியைப் போன்ற மண்ணோடு கலந்து பசையாகியிருந்தது. மூன்று நாக்குகளில் இரண்டு அப்பசையில் ஒட்டி எழாமலேயே படுத்திருந்தன. மெல்லிய வில்லுக்கு அவற்றைத் தூக்கும் வலு இல்லை. தனித்து நின்ற மூன்றாவது நாக்கின் முனை மழுங்கிப் பளபளத்தது.

அவன் அதை விரலில் வைத்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. “இது என் தவறு” என்றேன். “ஓசை வேண்டாம் என்று கேட்டது நான்தானே ஐயா,” என்றான்.

மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் போதும். கிரீஸ் குண்டுமணிகளுக்கு உரியது, நாக்கிற்கு அன்று. வண்டியைப் படுக்க வைத்து, ஃப்ரீவீலின் உள்வட்டத்திற்கும் வெளிவட்டத்திற்கும் இடையிலுள்ள இடுக்கில் எண்ணெயை விட்டு மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். மழையில் ஓட்டியபின் இதைத் தவறவிடலாகாது. ஒலி திடீரென மங்கினாலோ ஒழுங்கற்று ஒலித்தாலோ தாவுவதை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். சங்கிலி நீண்டிருந்தாலும் இதே போல் வழுக்கும் உணர்வு ஏற்படும். 12 அங்குலமாக இருக்க வேண்டிய 24 கண்ணிகள் அதைவிட ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் சங்கிலியையும் மாற்றிவிட வேண்டும்.

முன் ஃப்ரீவீல் வண்டியில் பின்சக்கரம் உருளும்போதெல்லாம் சங்கிலியும் ஓடும். ஆகவே சக்கரத்தைச் சுழலவிட்டுக்கொண்டு சங்கிலியைத் துணியால் துடைக்கக் கூடாது. விரல் பற்சக்கரத்துக்குள் இழுபட்டுவிடும். இதைச் சிறுவர்களின் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

புதிய ஃப்ரீவீல் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பாதிப் பணம் நான் கொடுத்தேன். மாட்டியதும் முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட வைத்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மிதிக்கட்டையின் மேல் சிறிது சிறிதாக எடையை ஏற்றினான். பிறகு ஒரு பிடிப்பு தள்ளி மீண்டும் அவ்வாறே செய்தான். 72 பிடிப்புகளையும் எண்ணி முடிக்க அரை மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. எங்கும் வழுக்கவில்லை. தையல் பிரித்து முழங்கால் வீக்கம் வடியும் வரை தாவக் கூடாது என்பது அவனுடைய அம்மாவின் கட்டளை. விற்பதைப் பற்றி அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. வண்டி இப்போதைக்கு என் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் நிற்கிறது.