தேவாலயச் சமூகத் தோட்டம்

தேவாலயச் சமூகத் தோட்டம் என்பது கிறித்தவ தேவாலயம் ஒன்றின் நிலத்தில் சபையாரும் அயலவரும் சேர்ந்து காய்கறி, பழம், மூலிகை முதலியவற்றைப் பயிரிடும் தோட்டம் ஆகும்.

செயற்பாடு

நிலத்தையும் நீரையும் பொதுவாகத் தேவாலயமே வழங்குகிறது. சில தோட்டங்களில் குடும்பத்துக்கு ஒரு பாத்தி ஒதுக்கப்படும். வேறு சிலவற்றில் அனைவரும் சேர்ந்து பயிரிட்டு விளைச்சலைப் பகிர்ந்துகொள்வர். பழைய நகர்ப்பகுதி மண்ணில் வண்ணப்பூச்சு, வாகனப் புகை ஆகியவற்றிலிருந்து வந்த ஈயம் தங்கியிருக்கக்கூடும். எனவே மண்ணைச் சோதிப்பதும், தேவையெனில் தூய மண் நிரப்பிய உயர்பாத்திகள் அமைப்பதும் வழக்கம்.

பால்ட்டிமோர் தோட்டம்

ஐக்கிய அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலுள்ள பிளெசண்ட் ஹோப் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் தோட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகும். சபையார் பலர் உணவுப் பழக்கத்தோடு தொடர்புடைய நோய்களால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதை அப்போதைய போதகர் ஹீபர் பிரவுன் கண்டார். சந்தையில் நல்ல காய்கறிகளின் விலையோ கட்டுப்படியாகவில்லை. எனவே தேவாலயத்தின் முன்புறப் புல்தரையில் 2010 இல் தோட்டம் அமைக்கப்பட்டது.

2015 ஏப்ரலில், காவல்துறையின் பிடியில் காயமுற்ற பிரெடி கிரே இறந்ததை அடுத்து நகரில் கலவரம் மூண்டது. கடைகள் பல மூடப்பட்டன. அப்போது உழவர்களிடமிருந்து பெற்ற உணவுப்பொருட்களை இத்தேவாலயம் மக்களுக்கு வழங்கியது. இவ்வனுபவத்தின் விளைவாக, கறுப்பினத் தேவாலயங்களையும் உழவர்களையும் இணைக்கும் கறுப்பினத் தேவாலய உணவுப் பாதுகாப்பு வலையமைப்பு அதே ஆண்டில் உருவானது.