தரகர் உள்ள வழியும் தரகர் இல்லாத வழியும்

பழைய கம்ப்யூட்டரையோ நாஸ் பெட்டியையோ வீட்டில் ஓரமாக வைத்து, சினிமா, பாட்டு, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் அதில் ஏற்றி, டிவியிலும் போனிலும் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பிளெக்ஸ் அல்லது ஜெல்லிஃபின் வைத்திருப்பார்கள். எது அழகு, எது இலவசம், எதில் சப்டைட்டில் ஒழுங்காக வரும் என்று இரண்டையும் ஒப்பிட்டு எழுதப்பட்டவை ஏராளம். எல்லாம் நன்றாக ஓடும்போது செய்யப்பட்ட ஒப்பீடுகள் அவை. எனக்கு இரண்டின் குணமும் தெரிந்தது, திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோகிற நேரங்களில்தான்.

பிறப்பிலிருந்தே வேறுபாடு தொடங்குகிறது. எக்ஸ்பிஎம்சி என்ற திறமூல மென்பொருளை மேக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் முயற்சியாக ஆரம்பித்தது பிளெக்ஸ். (அந்த எக்ஸ்பிஎம்சி 2014-இல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது.) பிறகு பிளெக்ஸ் ஒரு கம்பெனியாக வளர்ந்தது. ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில் பிறந்தது. எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதற்கு முன் திறந்திருந்த நிரலை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் தனியே பிரிந்து போனார்கள். கம்பெனிக்கு இணையத்தில் சொந்த சர்வர் நடத்த முடியும். தன்னார்வலர்களுக்கு அதற்குப் பணமும் இல்லை, நடத்தும் எண்ணமும் இல்லை. இணைப்புச் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே கிளைக்கிறது.

பிளெக்ஸில் ஒரு தரகர் இருக்கிறார். வீட்டு சர்வர் பிளெக்ஸ் கம்பெனியின் சர்வரில் போய், “வீட்டுக்குள் என் முகவரி இது, வெளியிலிருந்து வந்தால் இது, போர்ட் 32400” என்று எழுதிவைக்கிறது. டிவியில் உள்ள ஆப், சர்வர் பதிவாகியிருக்கும் அதே பிளெக்ஸ் கணக்கில் நுழைந்து அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கிறது. ஜெல்லிஃபினில் தரகரே கிடையாது. ஆப் வீட்டு நெட்வொர்க்குக்குள் யுடிபி 7359 போர்ட்டில் “ஹூ இஸ் ஜெல்லிஃபின் சர்வர்?” என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். சர்வர் காதில் விழுந்தால் தன் முகவரியைச் சொல்லும். விழாவிட்டால் நாமே முகவரியையும் 8096 என்ற போர்ட்டையும் டிவி ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும்.

சோதனையின் முதல் படி இரண்டுக்கும் ஒன்றுதான்: ஆப்பை மறந்துவிட்டு பிரௌசருக்குப் போக வேண்டும். சர்வரின் முகவரி 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். ஜெல்லிஃபினுக்கு அந்த முகவரி, 8096 போர்ட், கடைசியில் சாய்கோடு போட்டு ‘ஹெல்த்’. சர்வர் உயிரோடு இருந்தால் ‘ஹெல்தி’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். பிளெக்ஸுக்கு 32400 போர்ட்டும் ‘ஐடென்டிட்டி’யும். லாகின் கேட்காமலே சர்வர் தன் அடையாள எண்ணைக் காட்டும். சர்வர் கம்ப்யூட்டரிலேயே இது திறந்து, பக்கத்து லேப்டாப்பில் திறக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது ஃபயர்வாலை. விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்று பதிவாகியிருந்தால், வெளியிலிருந்து வரும் அழைப்பை அது உள்ளே விடாமல் இருக்கலாம். ‘பிரைவேட்’ என்று மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஃபயர்வாலுக்கும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பெரியம்மாவுடன் போனில் நடந்த பேச்சு இது.

“ஏம்ப்பா, யூடியூப் நல்லாத்தான் ஓடுது. உன் பெட்டிப் படம் மட்டும் வரமாட்டேங்குது.”

“டிவி எந்த வைஃபைல இருக்கு பெரியம்மா?”

“கெஸ்ட்டுனு ஒண்ணு வருதே, அதுல. அதுக்குத்தான் பாஸ்வேர்டு சின்னதா இருந்துச்சு.”

விருந்தாளிகளுக்கான வைஃபை இணையத்துக்கு மட்டும் வழிவிடும், வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகளைக் காட்டாது. அதன் வேலையே அதுதான். ஆகவே ‘நெட் வருகிறது’ என்பது மீடியா சர்வர் விஷயத்தில் எதையும் நிரூபிப்பதில்லை. நெட்டே இல்லாமலும் பக்கத்து அறைக்குப் படம் போகலாம், நெட் பிரமாதமாக இருந்தும் போகாமல் நிற்கலாம்.

இனி இரண்டும் பிரிகிற இடங்கள். ஜெல்லிஃபினில் அடிக்கடி வரும் கோளாறு மிகவும் எளிமையானது. கரண்ட் போய்த் திரும்ப வருகிறது, ரவுட்டர் புதிதாக எழுந்து சர்வருக்கு 20-க்குப் பதில் 23 என்று எண் கொடுத்துவிடுகிறது, டிவி ஆப் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கிறது. பிளெக்ஸில் இது தானாகவே சரியாகிவிடும். புது முகவரியை சர்வர் தரகரிடம் சொல்லிவிடும், ஆப் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். ஜெல்லிஃபினுக்கு மருந்து ரவுட்டரில் இருக்கிறது: டிஎச்சிபி பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் போதும். அதற்குப் பிறகு இந்தத் தொல்லை எழாது.

பிளெக்ஸில் வருகிற கோளாறுகள் இத்தனை வெளிப்படையாக இருப்பதில்லை. படம் ஓடும், ஆனால் மங்கலாக. அல்லது ஐந்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நிற்கும். ஆப்பைத் துருவிப் பார்த்தால் இணைப்பு ‘இன்டைரக்ட்’ என்றிருக்கும். நேர்வழி எதுவும் கிடைக்காததால் கம்பெனியின் ரிலே சர்வர் வழியாகப் படம் சுற்றி வருகிறது என்று அர்த்தம். ரிலே 1 அல்லது 2 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கொடுக்காது. அதற்குள் அடங்குமாறு சர்வர் படத்தைப் பிழிந்து அனுப்புகிறது. சர்வரும் டிவியும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போதே இப்படி நடப்பதுண்டு.

இதற்கு ஒரு காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஜெல்லிஃபின் பயனர்கள் கேள்விப்பட்டே இராத சிக்கல் இது. வீட்டுக்குள் ஓடும் இணைப்பும் பூட்டிய இணைப்பாக, அதாவது எச்டிடிபிஎஸ்ஸாக இருக்க வேண்டும் என்று 2015-இல் பிளெக்ஸ் முடிவெடுத்தது. வெறும் 192.168.1.20 என்ற எண்ணுக்கு எந்த நிறுவனமும் சான்றிதழ் தராது. எனவே டிஜிசெர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு பெயரைக் கொடுத்தார்கள்: 192-168-1-20 என்று கோடு போட்ட எண், பின்னால் நீளமான எழுத்துக் குவியல், கடைசியில் பிளெக்ஸ் டாட் டைரக்ட். இணையத்தின் பெயர்ப்பட்டியலில் அந்தப் பெயரைக் கேட்டால் 192.168.1.20 என்றே பதில் வரும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் வெளியிலிருந்து வரும் பதிலில் வீட்டு முகவரி இருந்தால், அதை ஏமாற்று வேலை என்று தூக்கி எறியும்படி சில ரவுட்டர்கள் அமைக்கப்பட்டிருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ் போன்றவற்றில் ரீபைண்டிங் பாதுகாப்பு என்ற பெயரில் இது இருக்கிறது. கெட்டவர்களைத் தடுக்க வைத்த காவல் அது, பிளெக்ஸையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. இந்தக் கோளாறுக்குப் பிழைச் செய்தி எதுவும் வராது, படத்தின் தரம்தான் இறங்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. என்எஸ்லுக்அப் கட்டளையால் அந்த நீளப் பெயரை முதலில் ரவுட்டரிடமும் அடுத்து 1.1.1.1-இடமும் கேளுங்கள். ரவுட்டர் வெறுங்கையை விரித்து, மற்றது 192.168.1.20 என்று சொன்னால் ஆள் சிக்கிவிட்டான். ரவுட்டரின் டிஎன்எஸ் அமைப்பில் பிளெக்ஸ் டாட் டைரக்டுக்கு மட்டும் விலக்கு எழுதினால் தீர்ந்தது.

சோதனை செய்கிற நேரத்தில் பிளெக்ஸின் ரிலேயை அணைத்துவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அது இருக்கும்வரை கோளாறு முகம் காட்டாது. அணைத்தால் படம் அடியோடு நின்றுவிடும், அப்போதுதான் எங்கே அடைத்திருக்கிறது என்று தேட முடியும். ஜெல்லிஃபினில் இப்படி ஒன்றை அணைக்க வேண்டிய தேவையே வருவதில்லை. ஓடினால் முழுதாக ஓடும், ஓடாவிட்டால் ஓடாது. ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இந்தக் கறார் பிடிக்கும், படம் பார்க்க உட்கார்ந்தவருக்குப் பிடிக்காது.

டாக்கரில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டிலும் ஒரே தொல்லை, வெவ்வேறு வடிவத்தில் வரும். பிரிட்ஜ் முறையில் ஓடும் ஜெல்லிஃபினின் காதில் அந்த 7359 குரல் விழாது. பிளெக்ஸோ டாக்கருக்குள் தனக்குக் கிடைத்த 172.17 என்று தொடங்கும் எண்ணைத் தரகரிடம் எழுதிவைக்கும், அந்த எண்ணை வெளியே யாராலும் எட்ட முடியாது. லினக்ஸ் என்றால் ஹோஸ்ட் முறைக்கு மாற்றிவிடுவதே சுலபமான தீர்வு.

வெளியூரிலிருந்து பார்க்கும் கதைக்கு வந்தால், இந்தியாவில் வீட்டு பிராட்பேண்ட் வைத்திருக்கும் பலர் போர்ட் ஃபார்வர்டிங் செய்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ரவுட்டரின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள எண் 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி கிடையாது, பல வீடுகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. சிஜிநாட் எனப்படும் இந்தப் பகிர்வுக்காகவே 2012-இல் ஒதுக்கப்பட்ட எண்கள் அவை. உங்கள் ரவுட்டரில் எத்தனை கதவைத் திறந்தாலும் தெருக்கதவு கம்பெனிக்காரரிடம் பூட்டியே இருக்கிறது. பிளெக்ஸ் இங்கே ரிலேயில் தொற்றிக்கொண்டு தட்டுத்தடுமாறி ஓடும். ஜெல்லிஃபின் ஓடவே ஓடாது. நிலையான ஐபிக்குத் தனியாகப் பணம் கட்டலாம், ஐபிவி6-ஐ முயலலாம், அல்லது டெய்ல்ஸ்கேல், வயர்கார்டு போன்ற விபிஎன் போடலாம்.

டெய்ல்ஸ்கேலில் ஒரு பொறி இருக்கிறது. அது கருவிகளுக்குத் தரும் எண்ணும் அதே 100 வரிசையைச் சேர்ந்தது. ஜெல்லிஃபினின் லேன் நெட்வொர்க்ஸ் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால், 192.168, 10, 172.16 போன்ற வழக்கமான தனி முகவரிகளை மட்டுமே அது வீட்டார் என்று எண்ணும். டெய்ல்ஸ்கேல் வழியாக வருகிறவர் அதற்கு அந்நியர். வெளி இணைப்பை அனுமதிக்காதே என்று அமைத்திருந்தால், விபிஎன் சரியாக இருந்தும் கதவு சாத்தப்படும். 100.64.0.0/10 என்று அந்தக் கட்டத்தில் சேர்க்க வேண்டும்.

இதன் தலைகீழ் வடிவம் ரிவர்ஸ் பிராக்ஸி போட்டவர்களுக்கு வரும். கேடியோ என்ஜின்எக்ஸோ முன்னால் நிற்க, அதன் முகவரியை ஜெல்லிஃபினின் ‘நோன் பிராக்ஸீஸ்’ கட்டத்தில் எழுதாமல் விட்டால், உலகின் எந்த மூலையிலிருந்து வருகிறவரும் பிராக்ஸியின் எண்ணோடு வீட்டாராகத் தெரிவார். வெளியாருக்கென்று வைத்த கட்டுப்பாடு எதுவும் அவர்மேல் பாயாது. படம் ஓடுகிறது, ஆனால் போனிலிருந்து டிவியைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால் பிராக்ஸியில் வெப்சாக்கெட் வரிகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிளெக்ஸில் வெளியூர்க் கேள்விக்கு இப்போது பண முகமும் உண்டு. 2025 ஏப்ரல் 29 முதல், வெளியிலிருந்து சொந்த வீடியோவைப் பார்க்க சர்வர் வைத்திருப்பவரிடம் பிளெக்ஸ் பாஸோ, பார்ப்பவரிடம் ரிமோட் வாட்ச் பாஸோ இருக்க வேண்டும். ஆகவே திரையில் வந்து நிற்பது நெட்வொர்க் கோளாறா, கட்டண வாசலா என்பதையும் இனிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. செய்தியை அவசரத்தில் மூடிவிடாமல் ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

தரகரே சிக்கலில் மாட்டினால்? 2022 ஆகஸ்டில் பயனர் விவரங்கள் வெளியார் கைக்குப் போனதாக அறிவித்த பிளெக்ஸ், எல்லோரையும் கடவுச்சொல் மாற்றச் சொன்னது. மாற்றும்போது எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வீட்டு சர்வரும் கணக்கிலிருந்து கழன்றுகொள்ளும். அதை மறுபடி உரிமை கோர அந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பிரௌசரைத் திறக்க வேண்டும். மானிட்டர் இல்லாத பெட்டி என்றால் எஸ்எஸ்எச் சுரங்கம் போட வேண்டும். ஜெல்லிஃபினில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வீட்டு டிஸ்கிலேயே இருப்பதால், இணையம் நாள் முழுக்கப் படுத்தாலும் லாகின் நடக்கும்.

இணைப்புக் கோளாறு என்று நினைத்து இரண்டின் மேலும் பழி போடும் ஓர் இடத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பல ஸ்மார்ட் டிவிகளின் கேபிள் சாக்கெட் 100 எம்பிபிஎஸ்தான். 4கே புளூரே வட்டிலிருந்து அப்படியே எடுத்த கோப்பு உச்சத்தில் அதைத் தாண்டிப் போகலாம். கேபிள்தான் சிறந்தது என்ற நம்பிக்கையோடு செருகி வைத்திருப்பவர், அதைப் பிடுங்கிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டதும் படம் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து வியப்பார்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் பிளெக்ஸைத்தான் சொல்வேன். முகவரி மாறினால் அவர்கள் கூப்பிட வேண்டியதில்லை. தானே நோண்டிப் பார்க்கத் தயங்காதவருக்கு ஜெல்லிஃபின். இரண்டையும் ஒரே பெட்டியில் வைப்பதிலும் தவறில்லை. 32400-உம் 8096-உம் மோதிக்கொள்ளாது, ஒரே படக் கோப்புறையை இரண்டுக்கும் படிக்க மட்டும் அனுமதி கொடுத்துக் காட்டலாம். அப்படி வைத்தால் சோதனைக்கும் உதவும். இரண்டும் வரவில்லை என்றால் ரவுட்டர் பக்கமோ ஃபயர்வால் பக்கமோ போங்கள். பிளெக்ஸ் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸையும் கணக்கையும் பாருங்கள். ஜெல்லிஃபின் மட்டும் என்றால், ஆப்பில் எழுதியிருக்கும் முகவரியை. டிஎல்என்ஏவை மட்டும் இரண்டிலும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டுமே யுடிபி 1900-ஐக் கேட்கும்.