தீவகத்துப் பனங்களியும் பனாட்டும்

யாழ்ப்பாணத்துத் தீவுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் ஊர்காவற்றுறைத் துறைமுகத்தையும், நெடுந்தீவுக் குதிரைகளையும், ஒல்லாந்தர் இட்ட பெயர்களையும் விரித்துரைப்பர். அம்மக்கள் எதனை உண்டு உயிர் தாங்கினர் என்பதை ஓரிரு வரியிற் கடந்துவிடுவர்.

சுண்ணக்கல்லும் உவர்நீரும் மிக்க அந்நிலத்தில் நெல் அரிது, பனையோ மிகுதி. ஆவணி, புரட்டாதியில் வீழும் பழத்தைக் கழுவித் தோலுரித்து, சிறிது நீர் விட்டுக் கையாற் பிசைவர். தும்பிற் பற்றிய களி இளகி நீரோடு இறங்கும். அதனைத் துணியில் வடிப்பர். இதற்குப் பொறி எதுவும் வேண்டியதில்லை. தும்பு அறாமல் எவ்வளவு அழுத்தலாம் என்பதைப் பழகிய கையே அறியும். வடித்த களியைப் பந்தர்மேல் விரித்த ஓலைப்பாயில் ஊற்றி, அது காய்ந்தபின் மேலும் ஊற்றிப் படைபடையாக வெயிலில் உலர்த்துவது பனாட்டு. கருப்பநீர் காய்ச்சிய பாணியில் அதனை ஊறவைப்பின் பாணிப்பனாட்டு. மழை முந்தினாற் பல நாள் உழைப்பும் பாழ்.

1850ஆம் ஆண்டில் கொழும்பில் வெளிவந்த தம் பனை நூலில், இது ஏழைகளுக்குப் பல மாத உணவாயிருந்ததை வில்லியம் பேர்குசன் குறித்தார். அவர்தம் குறிப்பு இல்லையேல், பெண்டிர் கைத்தொழிலாகிய இதற்கு அக்காலச் சான்று தேடுவது அரிதாயிருக்கும்.

கொட்டையும் வீணாவதில்லை, பாத்தியிலிடக் கிழங்காகும், கிழங்கு உலர ஒடியலாகும். 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை தோன்றிற்று. 1990ஆம் ஆண்டுப் போரிலோ வேலணைத் தீவினர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். விழுந்த பழம் பொறுக்குவாரின்றிக் கிடந்தது.