வன்னிக் குடியேற்றங்களும் காணிப் படிவமும்

வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவோர் குளங்களையும் போர்களையும் விரிவாக நோக்குவர். காணிப் படிவத்தை நோக்குவோர் அரியர். ஆயினும், 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரம், இரணைமடுக் குளத்து நீருக்கு இணையாக இங்குள்ள குடும்பங்களின் வாழ்வை வகுத்தது.

1930களிற் கிளிநொச்சியிலும், பின்னர் 1960களில் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களிலும் குடியேறியோர் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டினர். காணிக் கச்சேரியில் விண்ணப்பித்துத் தெரிவானோரின் பெயர் உத்தரவுப்பத்திரத்திலும் அலுவலகப் பேரேட்டிலும் பதியப்பட்டது. அதிகாரியின் எழுத்துமூல இசைவின்றிக் காணியை விற்கவோ, குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவோ இயலாது. ஏழைக் குடியானவனின் நிலம் கடன்காரர் கைக்குச் செல்லலாகாது என்பதே நோக்கம். அந்நோக்கத்தைக் குறைகூறுதற்கில்லை.

இடர் வேறிடத்தில் இருந்தது. குடியேறியோர் தம்முடன் தேசவழமையையும் கொணர்ந்தனர். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்த அவ்வழமையில் முதுசொம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து வகைப்படும். மகளுக்குச் சீதனம் கொடுத்தல் பெற்றோர் கடன். உத்தரவுப்பத்திரத்திலோ இவ்வகைகளுக்கு இடமில்லை. அது கேட்டது பின்னுரிமையாளர் ஒருவரின் பெயரையே. பெயர் குறிக்கப்படாவிடின் வாழ்க்கைத்துணைக்கு ஆயுட்கால உரிமை உண்டு. அவர் மறுமணம் செய்தால் அதுவும் நீங்கும். அதன்பின் மூன்றாம் அட்டவணையின் வரிசை: மகன்மார் முன்னர், மகள்மார் பின்னர், அவருள்ளும் மூத்தவர் முன்னர். மகளுக்கென வாய்மொழியாகப் பிரித்துக் கொடுத்த காணித்துண்டு பேரேட்டில் ஏறவில்லை.

இன்று கணினிவழி அனுப்பப்படும் படிவங்களின் இயல்பும் இத்தகையதே. நிரப்பிய ஒவ்வொரு விடையும் ஒரு பெயரோடு செல்லும்; பதிவேட்டின் உறுப்பொன்றோடு அப்பெயர் பொருந்தினால் விடை அங்கே பிணைக்கப்படும், பொருந்தாதது பெரும்பாலும் ஓசையின்றி விடப்படும். கணினிக்கு நெடுங்காலம் முன்பே கச்சேரி எழுதுவினைஞர் இதனைச் செய்துவந்தார் எனலாம். கணினியாயினும் கச்சேரியாயினும், எவ்வுறுப்புகள் இருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் படிவத்தை நிரப்புபவரல்லர்.

2009இல் முடிவுற்ற போரின்பின் இக்குறை வெளிப்படையாயிற்று. மீள்குடியமர வந்தோரிற் பலர் பத்திரங்களை இழந்திருந்தனர். கணவரை இழந்த பெண்கள் குடும்பத் தலைமை ஏற்றிருந்தனர். அவர்கள் உழுத நிலம் பேரேட்டிலே காணாமற்போன கணவரின் பெயரிலோ, இறந்த தந்தையின் பெயரிலோ இருந்தது. காணாமற்போனவரை உயிருள்ளார் என எழுதுவதா, இறந்தார் என எழுதுவதா? மனைவியின் மனம் இரண்டிற்கும் இசையவில்லை. படிவமோ இரண்டிலொன்றை வேண்டிற்று. மரணச் சான்றிதழின்றிக் காணியுரிமை மாறாது என்னும் நிலையிற் கையொப்பம் இடுவது, அப்பெண்ணுக்கு வெறும் அலுவலகக் கருமமன்று.

மூன்றாம் அட்டவணையில் ஆணுக்கிருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே நீங்கியது. கட்டளைச் சட்டம் பிறந்து அப்போது எண்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதற் குடியேறியோரின் பேத்தியரும் அதற்குள் தாயராகியிருந்தனர்.