முகப்புப் பக்கத்தில் உதவியாளரின் பெயர்

கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்பது எங்கள் கரையோர ஊர்களில் பெரியவர்கள் விரும்பிச் சொல்லும் செய்தி. 1877இல் அது திறக்கப்பட்டபோது தேசாதிபதி வில்லியம் கிரகரி, "என்ன வெகுமதி வேண்டும்?" என்று அவரைக் கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தால் போதும் என்றாராம் மரிக்கார். கதையின் சொற்கள் எப்படி இருந்தாலும், வெள்ளி விடுமுறை நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது உண்மை.

கட்டியவரைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், அந்தக் கட்டடத்துக்குள் வேலை செய்தவர்களைப் பற்றிப் பேசியதில்லை. அரியணைகளும் சிலைகளுமே இன்று அதன் அடையாளங்கள்; ஆனால் தொடக்கத்தில் அது பெருமளவில் ஒரு விஞ்ஞான நூதனசாலை. அதன் முதற் பணிப்பாளர் அமிரால்ட் ஹேலி ஒரு விலங்கியலாளர். 1902இல் பொறுப்பேற்ற ஆர்தர் வில்லியும், அவருக்குப் பின் வந்த ஜோசப் பியர்சனும் அதே துறையினர்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகிறது. நிந்தவூரிலிருந்து அது தொலைவில் இல்லை. அங்கு பட்டம் பெறும் எங்கள் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டால் ஆசிரியத் தொழில், அபிவிருத்தி உத்தியோகம், வெளிநாடு என்றே விடை வருகிறது. நூதனசாலை என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. "சம்பளம் காணாது" என்பார்கள். சம்பளம் முக்கியந்தான். ஆனால் பழைய நூதனசாலைகளின் வரலாற்றைப் பார்த்தால் இளைஞர்களைப் பிடித்துவைத்தது வேறொன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜோர்ஜ் ஹென்றி என்பவரை எடுத்துக்கொள்வோம். 1891இல் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர். பதினாறாவது வயதில் ஒரு முத்துக்குளிப்புக் கம்பெனியின் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தார். மன்னார்க் கடலின் முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி அது. சிப்பி வாய்க்காததால் சில ஆண்டுகளிலேயே நொடிந்துபோயிற்று. 1910இல் கொழும்பு நூதனசாலை ஹென்றியை வரைஞராக எடுத்துக்கொண்டது. பூச்சிகளையும் பறவைகளையும் பார்த்து வரைவது வேலை.

வரைபவன் வரைந்துகொண்டே இருக்கட்டும் என்று நிர்வாகம் விட்டிருந்தால் அவரும் ஓர் எழுதுவினைஞரைப் போல ஓய்வுபெற்றிருப்பார். அவ்வாறு நடக்கவில்லை. 1913இல் அவரைப் பூச்சியியல் வகைப்பாட்டு உதவியாளராக்கினார்கள். அதுவரை பிறர் பெயரிட்ட பூச்சிகளை வரைந்தவர், வெட்டுக்கிளி இனங்களுக்குத் தாமே பெயரிடத் தொடங்கினார். நூதனசாலைக்கென 1903இல் வில்லி தொடங்கிய 'ஸ்போலியா சிலானிக்கா' என்ற ஆய்விதழ் கையருகே இருந்தது. கண்டுபிடித்ததைத் தம் பெயரில் அச்சேற்ற இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. 1946 வரை அவர் அங்கேயே இருந்தார். இலங்கைப் பறவைகளைப் பற்றிய அவருடைய கையேடு, அவரே வரைந்த படங்களுடன் 1955இல் வெளிவந்தது.

வேடிக்கை என்னவென்றால், பணிப்பாளர் வில்லி 1910இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பியர்சனும் பின்னர் தஸ்மேனியாவுக்குப் போனார். வரைஞராக வந்த பையன்தான் முப்பத்தாறு ஆண்டுகள் தங்கினான்.

ஹென்றி வெள்ளையர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டில் அதே திறமையோடு நிந்தவூர்ப் பையன் ஒருவன் போயிருந்தால் அந்தக் கதவு அவ்வளவு இலகுவாகத் திறந்திராது. இலங்கையர் ஒருவர் பணிப்பாளராக 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு வந்த பி. ஈ. பி. தெரணியகலவும் மீன்பிடித் துறையில் கடல் உயிரியலாளராக இருந்தவரே.

கதவு திறந்தாலும் உள்ளே மதிப்பு எப்படி என்பதற்குச் சென்னை அரசு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். எட்கர் தர்ஸ்டன் அதன் கண்காணிப்பாளராக இருந்தபோது உருவான ஏழு தொகுதிப் பெருநூல் ஒன்று 1909இல் வெளியானது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றியது. முகப்பில் தர்ஸ்டனின் பெயர், அதன் கீழே, "உதவி: கே. ரங்காச்சாரி". தமிழறிந்த அந்த உதவியாளர் இல்லாமல் அந்நூல் உருவாகியிருக்காது. ரங்காச்சாரி தாவரவியலாளர். பின்னர் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பணியாற்றினார்; தென்னிந்தியப் புற்களைப் பற்றி அவர் எழுதி 1921இல் வந்த கையேட்டின் முகப்பில் அவர் பெயரே முதலில் நிற்கிறது.

1920இல் அங்கு வந்த கிரேவ்லியின் வழக்கம் வேறு. பி. வி. மயூரநாதன் என்ற தாவரவியல் உதவியாளர் சென்னை நகரின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்தார். 1929இல் அருங்காட்சியக வெளியீடாகவே அது வந்தது, மயூரநாதனின் பெயரில். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கள்ளிமுளையான் இனச் செடிகள் பற்றிய நூலில் கிரேவ்லி, மயூரநாதன் என இரு பெயர்களும் சேர்ந்து வந்தன. உலோகத் திருமேனிகளின் பட்டியலில் கிரேவ்லியுடன் டி. என். ராமச்சந்திரனின் பெயர், சிற்பப் படநூலில் சி. சிவராமமூர்த்தியின் பெயர். சிவராமமூர்த்தி பின்னாளில் டில்லி தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். கிரேவ்லி 1940இல் விலகியபோது அந்த நாற்காலியில் அமர்ந்த மானிடவியலாளர் ஐயப்பனும் அங்கே உதவியாளராக இருந்து உயர்ந்தவர். எல்லோரும் சென்னையிலேயே தங்கிவிடவில்லை. ஆயினும் ஒரே கூரையின் கீழிருந்து இத்தனை பேர் எழுந்தது தற்செயல் அன்று.

இன்னும் இளையவர்களை நம்பியவர் அமெரிக்காவின் பிராங்க் ஒப்பன்ஹைமர், அணுகுண்டு புகழ் ரொபர்ட்டின் தம்பி. அரசியல் காரணத்தால் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, மாட்டுப் பண்ணை நடத்தி, கிராமப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் 'எக்ஸ்புளோரட்டோரியம்' என்ற விஞ்ஞான நூதனசாலையைத் திறந்தபோது, பார்வையாளருக்கு விளக்கம் சொல்லப் பேராசிரியர்களை அவர் தேடவில்லை. பாடசாலை மாணவர்களைச் சம்பளத்துக்கு வைத்தார். மாட்டுக் கண்ணை அறுத்து வில்லையை எடுத்துக் காட்டுவது அவர்கள் செய்த புகழ்பெற்ற வேலைகளில் ஒன்று. (இறைச்சிக் கடைகளுக்குக் குறைவில்லாத எங்கள் ஊர்களில் இதற்கு மூலப்பொருள் தேட வேண்டியதில்லை!)

எங்கள் பக்கம் வருவோம். காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை 2015இல் திறக்கப்பட்டபோது எழுந்த விவாதமெல்லாம் உள்ளே வைத்த உருவச் சிலைகள் ஆகுமா, ஆகாதா என்பதே. அங்கே வேலை செய்யப் போகும் இளைஞர்களைப் பற்றிய பேச்சு என் காதில் விழவில்லை. அதுவும் வாழ்வியல் நூதனசாலைதான். விஞ்ஞானம் பார்க்க வேண்டுமானால் 1986இல் திறந்த இயற்கை வரலாற்று நூதனசாலைக்கு, கொழும்புக்கு, இரவு பஸ்ஸில் போக வேண்டும்.

விளக்கம் கேட்டு நிற்கும் விஞ்ஞானமோ எங்கள் வாசலிலேயே கிடக்கிறது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் கரையைத் தின்றது, தென்னந்தோப்புகள் போயின. காரணத்தை ஒரு மணல் தட்டில் காட்டிவிடலாம். அலை கரையைச் சாய்வாகத் தொட்டு மணலை வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கிறது. குறுக்கே அலைத்தடுப்பு வந்தால் தெற்கில் மணல் குவிகிறது. வடக்கில், போன மணலுக்குப் பதில் மணல் வருவதில்லை. இதை அறியாமலே எத்தனை மகஜர்கள், எத்தனை கூட்டங்கள்! 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடலையும், அது பின்வாங்கியபோது என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் அந்நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு யாரேனும் இங்கே நின்று சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல முடியுமா என்று தயங்க வேண்டாம். பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கும் உழைத்தவர்.

உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் வீட்டிலிருக்கிறார்கள். ஒப்பன்ஹைமர் வேலைக்கு வைத்த பிள்ளைகளும் ஏறக்குறைய அந்த வயதினரே. சம்மாந்துறைப் பீடத்தில் ஓர் அறையும் ஒரு மணல் தட்டும் கிடைத்தால் இவர்களைக் கொண்டே தொடங்கலாம். படி கொடுக்க வேண்டும். இலவசச் சேவை என்று சொல்லிக் கூப்பிடக் கூடாது. வாரநாட்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கட்டும். மாதம் ஒருமுறை ஒலுவிலிலிருந்து நிந்தவூர் வரை முளை நட்டுக் கரையின் அகலத்தை அளக்கட்டும். ஆண்டு முடிவில் அந்த அளவுகளைச் சிறு வெளியீடாகப் பீடமே அச்சிடட்டும். அதன் முகப்பில் பீடாதிபதியின் பெயருக்கு முன்னால் அளந்தவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும்.